இரண்டாம் இழுப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. ஆனால் அன்று காலை எனக்குள் இருந்தது வந்த வேகத்தில் போய்விடுகிற கோபமில்லை. ஒன்பது நாளாகப் பொத்திப் பொத்தி வளர்த்தது.

மெல்ரோய் என் தங்கை மெலனியின் கணவன். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். படகுகளின் அடியில் சிக்கிக்கொள்ளும் வலைகளை வெட்டி எடுப்பதுதான் எங்கள் தொழில். அவன் நீரில் இறங்குவான். நான் வள்ளத்தில் இருந்துகொண்டு, அவனுக்குக் காற்று அனுப்பும் இயந்திரத்தையும் அவன் மணிக்கட்டில் கட்டிய கயிற்றையும் பார்த்துக்கொள்வேன்.

மெலனிக்கு முதல் பிள்ளை பிறந்தது. எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பன். நான் புதுச் சேர்ட் கூடத் தைத்துவிட்டேன். ஞானஸ்நானத்தன்று கோயிலில் பிள்ளையை ஏந்தி நின்றதோ நிக்கலஸ், மெல்ரோயின் பெரியப்பா மகன். ஏன் என்று மெல்ரோய் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. சாப்பாட்டுக்கு நிற்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை.

பேச்சில்லாவிட்டாலும் வேலை நடக்கும். மேலிருந்து கயிற்றை ஒரு தரம் இழுத்தால், சரியா என்று கேட்கிறேன். அவன் ஒரு தரம் இழுத்தால், ஓம், சரி என்று பதில். பதில் வராவிட்டால் நான் உடனே இரண்டாம் தரம் இழுக்க வேண்டும். அதற்கும் பதிலில்லையென்றால் ஆளைத் தூக்க வேண்டும். ஆபத்து என்றால் அவனே மூன்று தரம் இழுப்பான். நாங்கள் இருவரும் சேர்ந்து வகுத்த முறை இது. ஆறு வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை.

கிண்ணியா ஸெய்னுதீன் நானாவின் பலநாள் மீன்பிடிப் படகு சீனன்குடாப் பக்கம் நங்கூரம் போட்டு நின்றது. அதன் புரொப்பெல்லரில் பழைய வலையொன்று பொதிபோலச் சுற்றிக் கிடந்தது.

“என்ன, மச்சான்மார் ரெண்டு பேரும் இண்டைக்கு வாய் திறக்கிறீங்க இல்ல?” என்று நானா மேலே நின்று பகிடி விட்டார்.

மெல்ரோய் சிரிக்கவில்லை. நான் நீட்டிய கத்தியை என் முகம் பாராமல் வாங்கிக்கொண்டு இறங்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நிமிடம் கழித்துக் கயிற்றை ஒரு தரம் இழுத்தேன். பதில் வரவில்லை.

தண்ணீருக்குள் போயும் முகத்தைத் திருப்புகிறாயா? சரி, திருப்பு. தேவையென்றால் நீ இழு. இப்படி மனதுக்குள் திட்டிக்கொண்டு கயிற்றை மடியில் போட்டேன். ஒரு மூலையில் பயம் தலை காட்டத்தான் செய்தது. அதை அதட்டி உட்கார வைத்தேன். இன்னொரு தரம் இழுத்தால் நான் கெஞ்சியதாகிவிடும் என்று பட்டது. இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காற்றுப் போகிறது, ஆளுக்கு என்ன குறை?

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று இன்று கேட்டாலும் சொல்ல மனமில்லை.

“அஞ்சலோ!” நானா படகின் மறுபக்கத்திலிருந்து கத்தினார். “இந்தப் பக்கம் குமிழி வந்துகொண்டிருந்தது. இப்ப காணேல்ல!”

கயிற்றை இழுத்தேன். இரும்பில் கட்டியதுபோல விறைத்து நின்றது. இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு உடுப்போடு குதித்தேன்.

இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை. வெட்டிய வலை முழுவதும் அவன் மேல் சரிந்து, காற்றுக் குழாயை மடக்கி அழுத்தியிருந்தது. கத்தி பிடித்த இடது கை வலைக்குள் இறுகிக் கிடந்தது. கயிறு கட்டிய வலது கை மட்டும் வெளியே இருந்தது. கண்மண் தெரியாமல் வெட்டினேன். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உதைத்து மேலே வந்தேன். நானாவின் ஆட்கள் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்கள்.

இருமினான். கடல்நீரைக் கக்கினான். மூச்சு வந்தது. நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அழுகை அடங்குவதற்குள் பழைய குணம் வந்துவிட்டது.

“வலது கை சும்மாதானேடா கிடந்தது! ஏன்டா மூண்டு தரம் இழுக்கேல்ல?”

அவன் வாயைத் துடைத்தான்.

“நீ முதல் இழுத்தது விளங்கினது. வேணுமெண்டுதான் பதில் தரேல்ல. பிறகுதான் வலை விழுந்தது.”

நான் நினைத்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

“அப்ப இழுத்திருக்கலாமே!”

“நீ ரெண்டாந் தரம் இழுப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ இழுக்கேல்ல.” கண்ணை மூடிக்கொண்டான். “மூண்டு தரம் இழுத்தும் நீ வராட்டி? அத அறியத்தான் எனக்குப் பயமா இருந்தது, மச்சான்.”

இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

“நானா கூப்பிடாட்டியும் வந்திருப்பியோ?” என்று கேட்டான்.

“ஓம்” என்றேன், அவன் கேட்டு முடிக்கும் முன்பே.

ஒன்பது நாளில் முதல் தடவையாக மெல்ரோய் என் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு ஈரக் கையால் என் முழங்காலில் தட்டினான்.

“நீ பிந்தினத நான் மெலனிட்ட சொல்லமாட்டன்” என்றான்.