சோலைச்சாமி கேட்ட சீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ராஜபாளையத்தில் முடிவெட்டிக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது. பாதிதான் விழுந்தது, மீதிக்கு நானே பொறுப்பு. கட்சிகளுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆளும் கட்சி, ஆளப்போவதாகச் சொல்லிக்கொள்ளும் கட்சி, அவ்வளவுதான். அச்சாகி வருவதற்குள் இரண்டும் இடம் மாறியிருந்தால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

2

முதல் தொடக்கம்: 'தேர்தல் நெருங்கியது. ஜனநாயகத்தின் ஆணிவேரைப் பணம் எனும் கரையான்...'

[வேண்டாம். என் மனைவியே படிக்கமாட்டாள்.]

இரண்டாவது தொடக்கம்: நூல் மில் மேனேஜர் கண்ணுச்சாமியை முதலாளி கூப்பிட்டார். போன தேர்தலில் ஆளும் கட்சிக்குக் கொடுத்த நன்கொடை இந்த முறை எதிர்க்கட்சிக்காம்.

"காத்து அங்கிட்டு அடிக்கி. செக்கை ஸ்ரீவில்லிபுத்தூர் கட்சி ஆபீஸ்ல உன் கையால குடுத்து, என் பேரைச் சொல்லு. நடுவுல எவன் கைக்காச்சும் போச்சு, நாளைக்கு மில்லுக்கு வராத."

3

கண்ணுச்சாமிக்கு இதில் ஒரு சிக்கல். ஆளும் கட்சியின் நகரப் பொருளாளர் சோலைச்சாமி, அவருக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். மகள் வெங்கடேஸ்வரிக்கு அவர் மகனைத்தான் பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். மறைத்துச் செய்தால் பிறகு முகத்தில் விழிக்க முடியாது. அதனால் சோலைச்சாமியை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லி, விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னார்.

[இங்கே சோலைச்சாமி கோபப்படுவதாகத் திட்டம். அந்த மனுஷன் சிரித்துத் தொலைத்தார்.]

"அட, நானே வியாழக்கிழமை அந்தக் கட்சிக்குத்தான் போறேன் சம்பந்தி! வெறுங்கையோட போனா எவன் மதிப்பான்? மில்லு செக்கைக் கொண்டாரேன்னு சொல்லித்தான் பதவி பேசியிருக்கேன். எங்கிட்ட குடுத்துருங்க."

"மொதலாளி என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"நகை கேட்டனா, காரு கேட்டனா? இது ஒண்ணுதான் நான் கேக்குற சீரு. இதுவும் இல்லைன்னா, கல்யாணத்தைப் பத்தி யோசிக்கத்தான் வேணும்."

4

முடிவு அ: செக் சோலைச்சாமிக்கு. கல்யாணம் உண்டு, வேலை போச்சு.

முடிவு ஆ: செக் கட்சி ஆபீசுக்கு. வேலை உண்டு, கல்யாணம்...

எப்படி எழுதினாலும் கண்ணுச்சாமி பாவம். நாலாவது தடவை திருத்தும்போதுதான் கவனித்தேன்: யாருக்குக் கல்யாணமோ அவளுக்கு நான் ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. வெட்கமாகிவிட்டது. உடனே வெங்கடேஸ்வரியை அப்பாவுக்குப் போன் செய்ய வைத்தேன். கண்ணுச்சாமி நடந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஸ்பீக்கர்ல போடுங்கப்பா" என்றாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒங்க வீட்டுக்கு நான் வரணுமா, செக்கு வரணுமா?"

மதுரை பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சோலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

அவர் பதிலை நான் எழுதப்போவதில்லை. எனக்கு ஒரே பையன், அவனுக்கும் பெண் பார்க்கிறோம். நான் எழுதினால் சோலைச்சாமிக்குச் சாதகமாகத்தான் வரும். பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது எழுதுங்கள்.