முந்நூற்று அறுபத்தைந்து தலைப்புகள்

மோகனப்ரியா இரண்டு நாள் உட்கார்ந்து செய்த வேலையைக் கொண்டுவந்து காட்டினாள். பார்த்தேன். முந்தாநாள் வெப்சைட் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. எழுத்து, இடைவெளி, நிறம், ஒன்றும் மாறவில்லை.

"ரெண்டு நாளா இன்னாம்மா கிழிச்ச?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. விசைத்தறி ஓடுகிற ஷெட்டில் வளர்ந்தவனுக்கு மெதுவாகப் பேச வராது.

மோகனப்ரியா என் மனைவியின் அண்ணன் மகள். திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் செய்கிறாள். நான் முரளிதரன், அம்மையார்குப்பத்தில் எங்கள் பஜனைக் குழுவுக்குச் செயலாளர். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி திருத்தணிக் கோயில் படித் திருவிழாவில், மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவோம். எந்தப் படிக்கு எந்தப் பாட்டு என்று எங்கள் குழுவில் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அதனால் போன வருஷ வரிசை இந்த வருஷத்துக்கு உதவாது. அச்சடித்த நோட்டீஸோ எண்ணெயும் குங்குமமும் பட்டுப் பாதி மலையிலேயே நைந்து போகிறது. இந்தத் தடவை வெப்சைட்டில் போட்டு எல்லாரும் போனில் பார்த்துப் பாடுவது என்று தீர்மானம் போட்டோம்.

"மாமா, நீங்க டைப் பண்றது ஒரு எடத்துல போய் சேரும். அதுக்கு மொகம் கெடையாது. இது பத்தி, இது தடிச்ச எழுத்து, இது படம்னு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு லேபிள் ஒட்டிக்கினு எங்கிட்ட வரும். எந்த லேபிளுக்கு எந்த உருவம்னு நான் சொன்னாத்தான் பக்கத்துல தெரியும்" என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலீஷில் தலையில்லாதது என்று பெயராம். சாமி காரியத்துக்குத் தலையில்லாததா என்று குழுத் தலைவர் வரதராஜன் முகத்தைச் சுளித்தார்.

ஒன்பது நாள் உட்கார்ந்து தட்டினேன். படி எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே பாட்டின் முதல் வரி, ராகம், கற்பூரம் ஏற்றுகிற குடும்பத்தின் பெயர். படிக்கும் படிக்கும் நடுவில் பார்வையாக இருக்கட்டும் என்று மூன்று தடவை என்டர். பக்கத்தைப் பார்த்து நானே மயங்கினேன்.

ஆனால் அது கங்காதரனுக்கு உதவவில்லை.

கங்காதரன் பள்ளிப்பட்டுக்காரன், என் வயசு. பிறவியிலேயே பார்வை கிடையாது. டெலிபோன் ஆபரேட்டர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் குழுவில் முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் பாடுகிறான். எந்தப் பாட்டை நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவான். இந்த வருஷம் முன்பாட்டு நான் எடுக்கிறேன் என்று வாய் திறந்து கேட்டுவிட்டான். ஒவ்வொரு படியிலும் பாட்டைத் தொடங்குகிறவர்தான் முன்பாட்டு. மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவோம்.

"பக்கத்துல ஒரு ஆளு நின்னு காதுல சொல்லிக்கினே வரட்டும்" என்றார் வரதராஜன்.

"அப்ப அந்த ஆளையே பாடச் சொல்லுங்க" என்றான் கங்காதரன்.

கடைசியில், யார் துணையும் இல்லாமல் வரிசை பிசகாமல் எடுப்பதாக இருந்தால் அவன், இல்லையென்றால் தலைவர் மருமகன் சுதாகர் என்று முடிவானது. கங்காதரன் தன் போனில் இருக்கிற வாசிக்கும் குரலை வைத்து என் பக்கத்தைக் கேட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"இன்னா செகரெட்ரி, அம்பத்தாறாம் படிக்குப் போவணும்னா நானூறு தடவ வெரலத் தள்ளணும் போல கீது. நடுவுல நடுவுல காலி, காலி, காலின்னு சொல்லிக்கினே வருது. எது படி, எது பாட்டுன்னே தெரியல."

மோகனப்ரியாவைக் கேட்டேன். படி எண்ணைத் தடித்த எழுத்தாகப் போடாமல் தலைப்பு என்று குறித்திருந்தால் அவனுடைய போன் தலைப்பு தலைப்பாகத் தாண்டிப் போகும் என்றாள். மாற்ற முடியுமா என்றும் கேட்டாள்.

"மறுபடியும் முந்நூத்தி அறுபத்தஞ்சா? கண்ணுக்கு நல்லாத்தானே தெரியுது" என்று கத்தினேன். கண்ணில்லாதவனைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்தான் என் வாயில் வந்தது. அவள் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த இரண்டு நாளைத்தான் என்ன கிழித்தாய் என்று கேட்டேன்.

"முழுக்கத் தடிச்ச எழுத்தா இருந்து, 'படி'ன்னு ஆரம்பிச்சா அது தலைப்புன்னு எடுத்துக்கச் சொல்லிட்டேன். காலி வரியெல்லாம் எடுத்துட்டு, அந்த எடைவெளிய வெறும் தோற்றமா குடுத்துட்டேன். நீங்க டைப் பண்ணதுல ஒண்ணுமே தொடல. பாக்கறதுக்கு அதேதான் மாமா. கேக்கறதுக்கு வேற."

கங்காதரனை வரவழைத்தோம். போனைக் காதருகே பிடித்துக்கொண்டு விரலை ஒரு தள்ளு தள்ளினான். இன்னொரு தள்ளு. அவன் வைத்திருந்த வேகத்தில் அந்தக் குரல் பேசியது எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பத்து இருபது படி போயிருப்பான், மெதுவாகச் சிரித்தான்.

"ஒரு தள்ளுக்கு ஒரு படி. யாரு செஞ்சது?"

நாங்கள்தான் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது, மறைப்பானேன். "எம் மச்சான் பொண்ணு" என்றேன்.

"கண்ண மூடிக்கினு செஞ்சியாம்மா?"

"ஆங், திரைய அணைச்சிட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் சரி பண்ணேன்" என்றாள். அந்த இரண்டு நாளும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு பெண் எங்கள் வீட்டில் இருக்கிறாளே என்று பெருமையாகவும் இருந்தது.

கங்காதரன் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தான். "நூத்தி எம்பதுக்கு அப்பால வெறும் 'படம்'னு சொல்லுது. இன்னா படம்?"

வழியில் இருக்கிற மண்டபத்தை நான் எடுத்துப் போட்ட போட்டோ அது. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம் இருந்தது; அதை நான் நிரப்பவில்லை.

"அத நான் செய்ய முடியாது மாமா, போட்டவங்கதான் எழுதணும்" என்றாள் மோகனப்ரியா.

அழகான மண்டபம் என்று தட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போனேன். நூற்று எண்பதாவது படி ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முழங்காலில் ஒரு இடியும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.

திருவிழா அன்று காலை கங்காதரன் முன்னால் நின்றான். பிடித்துக்கொள்ள எதிரே தோள் கிடையாது. விரலால் ஒரு தள்ளு, பாட்டு, அடுத்த படி. நூறு தாண்டும்வரை நான் என் போனில் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே பாடினேன். சுதாகரே இரண்டு முறை தன் போனில் இடம் தவறி, கங்காதரன் வாயைப் பார்த்துச் சேர்ந்துகொண்டான்.

மண்டபம் வந்தது. வரதராஜன் பதறிப்போய்க் கையை நீட்டினார். கங்காதரன் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டு, விரலைத் தள்ளினான். அவன் காதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். 'மண்டபம். ஒன்பது காலடி சமதளம். பிறகு வரும் படி மற்றதைவிட உயரம், காலைத் தூக்கி வை.'

நடந்தான். நின்றான். வலது காலை நன்றாகத் தூக்கிப் படியின்மேல் வைத்தான்.

"எட்டுக் காலடிதான் செகரெட்ரி. உனக்குக் கால் குட்டை" என்றான் திரும்பாமலே. அடுத்த பாட்டை எடுத்தான். நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அந்த ஒரு படிக்கு மட்டும் பாட்டை வாங்கத் தவறிவிட்டேன். பக்கத்தில் மோகனப்ரியா எனக்கும் சேர்த்துப் பாடினாள்.