மஞ்சப்பொட்டு ஆட்சி

சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர் சர்ச்சில், வாசலுக்கு மேலே குளவி கூடு கட்டியிருந்தது. ஆராய்ச்சி மாணவி பிரிஸில்லா ரெண்டு வருசமாக அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குளவியின் முதுகிலும் அடையாளத்துக்கு அவள் வைத்த ஒரு நிறப் பெயிண்ட் பொட்டு. கழுத்து வலிதான் மிச்சம் என்பாள் அவள் அம்மா.

நாளைக்கு அசனம், ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். சபைச் செயலர் ஞானையா, கூட்டைக் கொளுத்தியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். "பந்தியில எவனையாவது கொட்டிச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"நாம தொடாட்டி அதுகளும் தொடாது மாமா. எறும்பும் தேனீயும் குளவி வம்சத்துல பிறந்ததுதான். உங்க வீட்டுச் சீனி டப்பாவுல ஏறுத எறும்பு இதுக்குச் சொக்காரன், பங்காளி முறை."

"சொக்காரன்னா இன்னும் மோசம்லா! சரி, ராணிய மட்டும் பிடிச்சிரு. மத்ததெல்லாம் தானா ஓடிரும்."

"ஓடாது மாமா. ஆனா எடுக்கேன். சாயந்தரம் வரைக்கும் ஒருத்தரையும் கொட்டலன்னா கூட்ட விட்டுரணும்."

ராணி போனால் அடுத்து யார் என்று பார்க்க அவளுக்கும் ஆசைதான். ஏணியில் ஏறி, வெள்ளைப்பொட்டு ராணியை மெல்லப் பிடித்து டப்பாவில் அடைத்தாள். எப்போதும் இடித்துக்கொண்டு திரிகிற சிவப்புப்பொட்டுதான் அடுத்தது என்று கணக்குப் போட்டிருந்தாள். அடக் கடவுளே, சிவப்பு கம்மென்று உட்கார்ந்துவிட்டது! இருக்கிற இடமே தெரியாமல் கிடந்த மஞ்சப்பொட்டு எழுந்து, கண்ணில் பட்டதையெல்லாம் முட்டித் தள்ளியது. ஒன்றுகூட எதிர்க்கவில்லை.

"ஐயையோ, வெறி பிடிச்சிட்டு!" ஞானையா பந்தத்தை எடுத்துக்கொண்டு, பற்றவைக்கப் பின்பக்கத்து அடுப்பை நோக்கி ஓடினார். ரெண்டு வருசப் பாடு ஒரு நொடியில் கருகப் போகிறது. பிரிஸில்லாவும் பின்னாலேயே ஓடினாள்.

அங்கே பந்தலில் பெண்கள் காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வருசாவருசம் வேலை ஏவுகிற கிருபை டீச்சர் கால் சுளுக்கி வரவில்லை. அடுத்து வாய்க்காரி பெர்லின்தான் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றது ஞானையாவின் மனைவி ஜெபகனி! புருசன் சொல்லுக்கு மறுசொல் பேசாத ஜெபகனி!

"ஏட்டி, கத்தரிக்காய அங்கன கொட்டாத! பெர்லினு, எந்திரி, தேங்கா திருவு!"

பெர்லின் முணுமுணுக்காமல் எழுந்து போனாள்.

அந்த நேரம் பார்த்தா ஞானையா பந்தத்தோடு வர வேண்டும்? "கீழ போடுங்க அத! இந்தப் புள்ள ரெண்டு வருசமா வெயில்ல நிக்கா, அவ கூட்டையா கொளுத்தப் போறிய? அண்டாவத் தூக்குங்க!" என்றாள் ஜெபகனி.

அண்டாவைத் தூக்கினார்.

மறுநாள் அசனத்தில் யாரையும் எதுவும் கொட்டவில்லை. சாம்பார் வாளியோடு வந்த ஞானையா, கூட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு பிரிஸில்லாவின் காதைக் கடித்தார். "இந்த மஞ்சப்பொட்டு எப்பத்தான் அடங்கும்?"

"ஒரு வாரத்துல முட்டையிட ஆரம்பிக்கும் மாமா. அப்புறம் சாதுவாயிரும்."

"சாம்பார் எங்க?" பந்தியிலிருந்து ஜெபகனியின் குரல் வந்தது.

"எங்க வீட்டுல இந்த வயசுல முட்டைக்கும் வழியில்லையே!" என்று வாளியோடு ஓடினார் ஞானையா.