ஏழாவது போகம்

"ஒரே ஒரு போகம் மட்டும் தனியா சமாளிச்சுக்கோ சாஹித்யா. அடுத்த நடவுக்கு நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன்" என்று கல்யாணமான புதிதில் அச்யுத் சொன்னான்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவளும் சிரித்தாள்.

இப்போது நடப்பது ஏழாவது போகம். ஷாமீர்பேட்டையில் அவன் அப்பா விட்டுப்போன நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். நகரத்தில் மாதாப்பூர் ஆபீசில் வேலை பார்க்கும் அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். வந்துவிடுங்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தானாக வரவேண்டியவனைக் கேட்டு வரவழைப்பதா என்ற ரோஷம்.

இந்த ஞாயிறு மத்தியானம், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேற்கே வானம் கறுத்தது.

"ஆப்ல சாயந்திரம்தான் மழைன்னு போட்டிருக்கு" என்றான் அச்யுத்.

"மேகம் உங்க ஆப்பைப் பார்த்துட்டா வருது? வாங்க, குவிங்க!"

நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்கமாட்டார்கள். நாலு மாத உழைப்பு களத்திலேயே முளைத்துவிடும். அவசரமாகக் குவித்து, ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார்கள். அப்போது அவன் போன் அடித்தது. பழக்கத்தில் கையை விட்டுவிட்டான். காற்று தார்ப்பாயைச் சுருட்டித் தூக்கியது. முதல் தூறல் நெல்லின்மேல் விழுந்தது.

சாஹித்யா பாய்ந்து, தார்ப்பாயைக் குவியலோடு சேர்த்து அழுத்திக் குப்புற விழுந்தாள். போன் நிற்காமல் அடித்தது.

"ஆபீஸ்ல இருந்து..." என்று இழுத்தான்.

"நக்கோ! எடுக்காதீங்க." மழையில் அவள் குரல் உடைந்தது. "வாரத்துக்கு ஒரு நாள் புருஷன் எனக்குப் போதாது. இங்கேயே வந்துடுங்க. என்கூட இருங்க."