ஏழு வீட்டுத் தேத்தண்ணி

அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் போதும். குணலட்சுமியைக் கரியரில் ஏற்றினால் மூன்று மணித்தியாலம். அவள் ஒன்றும் பாரமில்லை. இந்த இரண்டு வருசத்தில் உருகிப் பாதியாகிப் போனாள். வழியில் ஏழு வீடு இருந்தது, அதுதான் கரைச்சல்.

ஆவரங்கால் வந்ததும், "இஞ்சாருங்கோ, மாமியை ஒருக்கால் எட்டிப் பாப்பமே?" என்பாள். நீர்வேலியில் ஒன்றுவிட்ட தங்கச்சி. கோப்பாயில் பத்மாசினி அக்கா. சொந்தம் முடிந்த இடத்திலிருந்து புருசன் நமசிவாயத்தின் சிநேகிதர் வீடுகள். உண்மையில் அவளுக்கு வேண்டியது மாமியுமில்லை, அக்காவுமில்லை, அந்த வீட்டுக் கக்கூசு. வயிறு முறுக்கிப் பிடித்தால் ஐந்து நிமிசம் தாங்காது. அதற்காக ஒரு வீட்டுக்குள் புகுந்து, காரியத்தை முடித்துவிட்டு, வாறன் எண்டு வெளிக்கிட ஏலுமே? எங்கடை சனத்திட்டை நடக்குமே அது! இருக்க வேணும், சுகம் விசாரிக்க வேணும், தேத்தண்ணி குடிக்க வேணும். அந்தத் தொண்ணூற்றிரண்டில், பொருளாதாரத் தடைக்குள், சீனியைக் கண்ணால் காணக் கிடைக்காது. ஆனாலும் ஒரு பனங்கட்டித் துண்டையாவது உள்ளங்கையில் வைத்துவிடுவார்கள். குடித்த தேத்தண்ணி அடுத்த சந்திக்குள் வேலையைக் காட்டும்.

நமசிவாயம் பொல்லாத மனுசன் இல்லை, வாய்தான் பெரிசு. "ஊர் சுத்த ஒரு சாட்டு, அதுக்கு வயித்துக்குத்து எண்டு பேர்," என்று போகிற வீடெல்லாம் பகிடி விட்டார். போன இரண்டு தரமும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு, டொக்டர் எழும்பிப் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் டிஸ்பென்சரியில் காஸ்ற்றிக் என்று வெள்ளை மருந்து கொடுத்தார்கள். கொடுக்காமல் என்ன செய்வார்கள்? அவள் சொன்னது வயித்துநோ என்ற ஒற்றைச் சொல்தானே. இரத்தம் போவதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளுடைய சொந்த அக்காவுக்கும் அப்படித்தான் போனது. புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஆறு மாதத்தில் அக்கா இல்லை. தனக்கும் அதுதானோ என்று அறிய வேணும் போலவும் இருந்தது, அறியவே கூடாது போலவும் இருந்தது. பாவம், பயத்திலேயே பாதி செத்துப் போனாள்.

மூன்றாம் தரம் விடியமுன்னமே வெளிக்கிட்டார்கள். டொக்டர் செல்வரட்ணம் இருந்தார்.

"என்ன செய்யுது, தங்கச்சி?"

அவள் வாய் திறக்க முன்னம் நமசிவாயம் தொடங்கிவிட்டார். "அவ என்னத்தைச் சொல்லுறது, நான் சொல்லுறன் டொக்டர். அச்சுவேலியிலையிருந்து இஞ்சை வர ஏழு வீட்டிலை தேத்தண்ணி. ஏழு! பிறகு வயிறு நோகாமல் என்ன செய்யும்? போன உடனை வீட்டுக்காரரோடை கதைக்கிறாவோ எண்டால் அதுவுமில்லை, நேரே வீட்டுக்குப் பின்னாலை, கோடிப்பக்கம் ஓட்டம். நான்தான் முன்னுக்கு இருந்து உலகக் கதை எல்லாம் கதைக்க வேண்டிக் கிடக்கு."

டொக்டரின் பேனை நின்றது. "ஏழு வீட்டிலையுமோ?"

"ஓம் டொக்டர், ஏழிலையும்."

"தேத்தண்ணிக்கு முன்னமோ, பிறகோ?"

"முன்னம்தான். பிறகும்..." நமசிவாயம் திரும்பி மனுசியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் அவரை விறாந்தையில் இருக்கச் சொல்லிவிட்டு நேர்ஸைக் கூப்பிட்டார். "இரத்தமும் போகுதோ, தங்கச்சி?"

குணலட்சுமி ஓம் என்று தலையாட்டினாள். பிறகு அழுதாள். அழுதபடியே அக்காவின் கதையையும் சொன்னாள்.

குழாய் விட்டுப் பார்த்து, சின்னத் துண்டொன்று எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று கிழமை. அவ்வளவு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நமசிவாயம் வாயே திறக்கவில்லை; ஊர் அதிசயப்பட்டது.

"புற்றுநோய் இல்லை," என்றார் டொக்டர், முதல் வேலையாக. "பெருங்குடலிலை அழற்சி. உள்தோல் சிவந்து புண்ணாய்க் கிடக்கு. லேசிலை விட்டுப் போகாது, ஆனால் குளிசையாலை அடக்கி வைச்சிருக்கலாம்."

"பெருங்குடல் அழற்சி," என்று அவள் திருப்பிச் சொன்னாள். இன்னொருக்காலும் சொன்னாள். விட்டுப் போகாத வருத்தம் ஒன்றின் பேரைக் கேட்டு இப்படிச் சிரித்த ஆளை அந்த நேர்ஸ் அதுக்கு முன்னம் கண்டிருக்கமாட்டாள்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்த நமசிவாயம் ஏறவில்லை.

"ஏனப்பா குணம், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்டனீங்களே?" அவளுடைய குரலில் கோபம்கூட இல்லை. "ரெண்டு வருசமும் நீங்கள்தானே கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

அவர் கொஞ்சத் தூரம் சைக்கிளை உருட்டினார்.

"சரி, இப்ப கேக்கிறன். முதலிலையிருந்து சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். நல்லூர் கழிந்து கல்வியங்காடும் வந்துவிட்டது. நமசிவாயம் ஒரு இடத்திலும் குறுக்கே கதைக்கவில்லை.