அம்மாக்கண்ணு பங்குக்கு விழுந்த கடைசித் தாள்

1979ஆம் வருடம் ஐப்பசி முதல் வாரத்தில், ஜவ்வாது மலைமேல் கடுக்காமரத்தூரில், பதினோரு காட்டுப்பன்றிகள் சிங்காரத்தின் சாமைக் கொல்லைக்குள் இறங்கி, ஒரு கதிரைக்கூடக் கடிக்காமல், ஒரு கதைப் புத்தகத்தில் எட்டுப் பக்கம் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயின. அப்போது சாயங்காலம் மணி நாலரை. தாய்ப்பன்றி முன்னால் உட்கார்ந்திருந்தது, மற்றவை அதன் பின்னால். காவல் பரண்மேல் உட்கார்ந்து படித்தவள் சிங்காரத்தின் மகள் காந்தா, மூன்றாம் வகுப்பு. பக்கத்துக் கொல்லைப் பரணிலிருந்து இதைக் கண்ணாரப் பார்த்தவள் அம்மாக்கண்ணு. பன்றி விரட்டத் தகர டப்பாவும் கையுமாக எழுந்தவள் தட்ட மறந்து நின்றுவிட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஏய் காந்தா! இன்னாடி பண்ண அதுங்கள?" என்று மூன்று கொல்லைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். "நான் ஒண்ணும் பண்ணல அத்தே! டீச்சர் வூட்டுல படிக்கச் சொன்னாங்க. எங்க வூட்டுல எல்லாரும் கொல்லையிலதான கீறாங்க, அதான் இங்கயே படிச்சேன்" என்றது அந்தப் பிள்ளை.

டீச்சர் என்றது சாந்தாமேரியை. ஆலங்காயத்துக்காரி, கடுக்காமரத்தூர் ஓராசிரியர் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதிவேட்டில் முப்பத்தொரு பிள்ளைகள், பெஞ்சில் நாலு பிள்ளைகள். சாமை கதிர் விட்டால் ஊரே பரணுக்குக் குடிபோய்விடும், பிள்ளைகளும் கூடவே போகும், அதில் யாரைக் குற்றம் சொல்ல? வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கதைப் புத்தகம் வாங்கிவந்து, தினம் ஒரு பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப்போய் வீட்டார் காதில் விழும்படி சத்தமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் முதல் பிள்ளை காந்தா. கதை ஒரு கழுதையைப் பற்றியது. மலைக்கு உப்பு மூட்டை சுமந்து சுமந்து முதுகு புண்ணான அந்தக் கழுதை, இவ்வளவு உப்பும் எங்கிருந்துதான் வருகிறது, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று கடலைத் தேடிக் கிளம்புகிறது. கடலைப் பார்த்ததா, இல்லையா? அது டீச்சருக்கே தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து முடிவைப் படிக்கலாம் என்று கடைசிப் பக்கங்களைத் திறக்காமலே வைத்திருந்தாள்.

பன்றி கதை கேட்டது, கொல்லையைத் தொடவில்லை என்ற செய்தி பொழுது விடிவதற்குள் இருபத்திரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. ஆளாளுக்குப் புத்தகம் தன் கொல்லைக்குத்தான் என்று நிற்க, ஊர்க்கவுண்டர் சின்னதம்பி ஒரே பேச்சில் முடித்தார். "வேட்டையில ஒரு பன்னி வுழுந்தா இன்னா பண்றோம்? வூட்டுக்கு ஒரு பங்கு. பன்னிய நிறுத்தற புஸ்தகத்துக்கும் அதே நியாயம்தான்." புத்தகத்தில் இருபத்திரண்டு தாள் இருந்தது, ஊரில் இருபத்திரண்டு வீடு இருந்தது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கறிக் கத்தியாலேயே தைப்பை அறுத்தார்கள். தேக்கிலை விரித்துத் தாள்களைக் கூறு வைத்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொள்ள, இன்னொருவர் ஒவ்வொரு கூறாகத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, நின்றவர் வாயில் வந்த வீட்டுக்கு அந்தத் தாள் போனது. கடைசித் தாள் அம்மாக்கண்ணு வீட்டுக்கு விழுந்தது. திங்கட்கிழமை மலையேறி வந்த சாந்தாமேரி, வெறும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றாள். "அய்யோ, ஒரு புஸ்தகத்தக் கறி மாதிரி வெட்டிட்டீங்களே!" "எல்லாருக்கும் சமமா வெட்டினோம் டீச்சர்" என்றார் ஊர்க்கவுண்டர், பெருமையாக.

ஆனால் பன்றிகளுக்கு விவரம் தெரிந்திருந்தது. முதல் தாள் சின்னராசு வீட்டுக்கு விழுந்திருந்தது. முதல் நாள் நாலரைக்கு அவை அங்கே போய் உட்கார்ந்தன. இரண்டாவது தாள் ஓடைக்கு அப்பால் மாணிக்கம்மாள் வீட்டில் இருந்தது. மறுநாள் ஓடையைத் தாண்டி அங்கே போயின. யாரும் சொல்லித் தரவில்லை. நாளைக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு கொல்லை என்று மலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, வரிசை பிசகாமல் கதை கேட்டன. போகிற வழியில் வரப்பின் மேலேயே நடந்தன, ஒரு பயிரை மிதிக்கவில்லை. தாள் வந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே! அந்த வாரமே பள்ளிக்கூடத்துப் பெஞ்சு நிறைந்து, இடம் போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். காலையில் பள்ளியில் எழுத்துக்கூட்டுவார்கள், ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் வீட்டில் தங்கள் தாளைப் படிப்பார்கள், அப்பனும் ஆத்தாளும் 'இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி' என்று பிடுங்கியெடுப்பார்கள். கழுதை ஆற்றில் அடித்துப் போகப் பார்த்த தாள் வந்த அன்று ஊரில் இரண்டு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நாலரை ஆனால் பன்றிகளுக்குப் பின்னால் ஜனமும் கொல்லை கொல்லையாக நடந்தது.

அம்மாக்கண்ணு வீட்டில் மட்டும் ஒரு எழுத்துத் தெரிந்தவர் இல்லை. புருஷன் மூன்று வருடத்துக்கு முன்னால் தேன் எடுக்கப் போன பாறையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். இருந்தது அவளும் எட்டு வயது வசந்தியும் முப்பது சால் சாமையும். மேட்டு நிலம், ஊரிலேயே கடைசியாக முற்றுகிற கொல்லை. அது போனால் அடுத்த ஐப்பசி வரை காட்டுக்கிழங்குதான். டீச்சர் மூன்று தடவை வசந்தியைக் கேட்டு வந்தாள், மூன்று தடவையும் அம்மாக்கண்ணு, "அவ படிச்சுப்புட்டா கொல்லைய யார் பாக்கறது, நீயா வந்து பாப்ப?" என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள். இப்போது எல்லாரும் பதறினார்கள், அவள் பதறவில்லை. "பன்னிக்கு இன்னா தெரியும்? நான் ஒரு கதை சொன்னா மலையே நின்னு கேக்கும்" என்றாள். அவளுக்கு அவ்வளவு வாய். ஒன்றிரண்டு பேர் பந்தயமே கட்டினார்கள்.

இருபத்திரண்டாம் நாள் வந்தது. ஊர் முழுக்க மேட்டு நிலத்தின் ஓரத்தில் கூடி நின்றது. கழுதை கடைசி மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டது, அதற்கு அப்பால் என்னவோ சத்தம் கேட்கிறது. முந்தின தாள் அந்த இடத்தில் நின்றிருந்தது. பன்றிகள் உட்கார்ந்தன. அம்மாக்கண்ணு தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "அந்தக் கழுதை போச்சு, போச்சு, போய்க்கினே இருந்துச்சு, அப்பால ஒரு புலி வந்து அடிச்சு செத்துப்போச்சு" என்று முழங்கினாள். தாய்ப்பன்றி அவளையே பார்த்தது, எழுந்தது, முதல் சாலுக்குப் போய் சாவகாசமாக மேய ஆரம்பித்தது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. டப்பா தட்டியும் கல்லெறிந்தும் பிரயோசனமில்லை. ஆறு சால் போன பிறகுதான் நிறுத்தின. அம்மாக்கண்ணு பரணைவிட்டு இறங்கவே இல்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் வந்து படிச்சுட்டுப் போறேன் அத்தே" என்றாள் காந்தா. அதற்குத்தான் வழியில்லை. கூறு போட்டுக் கொடுத்த பங்கு அந்த வீட்டையும் கொல்லையையும் விட்டு வெளியே போகக் கூடாது, இன்னொரு வீட்டார் வாயில் படவும் கூடாது, பட்டால் அடுத்த வேட்டை பலிக்காது. ஊர்க்கவுண்டரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் அம்மாக்கண்ணு வசந்தியின் தலையை வாரி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். "டீச்சர், நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காத. என் கொல்ல போவுது. இவளுக்குக் கத்துக் குடு." சாந்தாமேரி வசந்தியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "தாள எடுத்தாரக் கூடாது, தெரியும். அதுல கீற எழுத்து ஒவ்வொண்ணையும் கரியால கையில வரைஞ்சு எடுத்துக்கினு வா கண்ணு" என்றாள் வசந்தியிடம்.

அப்படித்தான் நடந்தது. தாளின் ஒரு பக்கம் முழுக்கப் படம், மறுபக்கம் ஒன்பதே வரி. வசந்தி தினம் காலையில் முழங்கை வரை கரியெழுத்தோடு மலைச்சரிவில் ஓடினாள். பள்ளியில் அந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு, மத்தியானம் மூச்சிரைக்கத் திரும்பி, கொல்லை மண்ணில் குச்சியால் எழுதி ஆத்தாளுக்குக் காட்டினாள். "இது இன்னா?" "க." "இது?" "தெரியல போடி." "ழு, யம்மா. நேத்தே சொன்னேன்ல." முதல் இரண்டு நாள் படிக்க ஒன்றும் தேறவில்லை, பன்றிகள் மூன்று மூன்று சால் தின்றன. மூன்றாம் நாள் வசந்தி முதல் வரியைப் படித்தாள். பன்றிகள் இரண்டு சாலோடு நிறுத்தின. இரண்டாம் வரி படித்த அன்று ஒரு சால், மூன்றாம் வரி படித்த அன்று அரைச் சால். நாலாம் வரி படித்த அன்று ஒன்றும் தின்னவில்லை, அடுத்த வரிக்காக மறுநாள் மூன்றரைக்கே வந்துவிட்டன! ஜனமும் மூன்றரைக்கே வந்தது. சின்னதம்பி தோளில் பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு, "உம், அப்பால?" என்று பரண் காலைப் பிடித்தபடி நின்றார். எட்டாம் வரியில் கழுதை உச்சிக்கே வந்து காதை நிமிர்த்திவிட்டது. அன்றைக்குக் கடுக்காமரத்தூரில் யார் தூங்கியிருப்பார்கள்?

பதினோராம் நாள், ஒரே ஒரு வரி மிச்சம். வசந்தி பரணில் ஏறினாள், வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. எட்டு நாள் பன்றிக்குக் கேட்கிற மாதிரி கத்திப் படித்ததில் தொண்டை அடைத்துப் போயிருந்தது. இஞ்சிக்கும் கேட்கவில்லை, தேனுக்கும் கேட்கவில்லை. தாய்ப்பன்றி எழுந்து நின்றது. நின்றிருந்தது பதினாலரைச் சால் சாமை. டீச்சர் கீழே நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வசந்தி திரும்பி ஆத்தாளைப் பார்த்தாள், தாளை அவள் கையில் வைத்தாள், விரலைப் பிடித்து எழுத்தின்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

அம்மாக்கண்ணு தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள். மூன்று மலைக்குக் கேட்கிற அவள் வாயிலிருந்து கொசு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "க... ழு... தை." நிறுத்தினாள். "கழுத!" என்றாள், யாரோ தெரிந்தவரைச் சந்தையில் பார்த்துவிட்ட மாதிரி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பத்துப் பேர் அவர்களை அடக்கினார்கள். "க... ட... லை... ப் பா... ர்... த்... த... து." அவள் விரல் நகர்ந்தது, வியர்வையில் தாள் நனைந்தது, ஒவ்வொரு எழுத்தாக, மாட்டை ஓட்டிக்கொண்டு மேடேறுகிற மாதிரி ஏறினாள். முடித்ததும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து, தன் சொந்தக் குரலில், மலை அதிர வாசித்தாள். "கழுதை கடலைப் பார்த்தது. கடலும் கழுதையைப் பார்த்தது!"

ஊரே ஓவென்று கத்தியது. சின்னதம்பி பேரனை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாத்துட்டுச்சா! பாத்துட்டுச்சா!" என்று பிள்ளைகளோடு சேர்ந்து குதித்தாள். வசந்தி சத்தமே வராமல் சிரித்தாள். அம்மாக்கண்ணு தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் படிச்சேன், பாத்தீங்களா, நானே படிச்சேன்" என்று பன்றிகளிடம் சொன்னாள்.

பன்றிகள் கொல்லையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மலையிறங்கி, கழுதை போன திசையிலேயே கிழக்கே போயின. போளூரில் ரயில்வே கேட் திறக்கும்வரை அவை பொறுமையாக நின்றதைக் கேட்கீப்பர் பார்த்தார். சேத்துப்பட்டில் பார்த்தார்கள், வந்தவாசிச் சந்தையில் ஓரமாக நடந்து போனதைப் புளி விற்கப் போனவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அந்த வருடம் ஒரு வீட்டுக் கொல்லைக்கும் காவல் தேவைப்படவில்லை, ஆனாலும் ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்கவில்லை. சாந்தாமேரி இருபத்திரண்டு புத்தகம் வாங்கிவந்து, ஒரு வீட்டுக்கு ஒரு முழுப் புத்தகம் கொடுத்தாள். வெட்டக் கூடாது என்று ஊர்க்கவுண்டரிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் கொடுத்தாள். மாதம் ஒரு தடவை வீடுகள் புத்தகத்தை மாற்றிக்கொண்டன. அம்மாக்கண்ணு தன் பங்கை முதலில் முடித்துவிட்டு, மாணிக்கம்மாள் இன்னும் முடிக்கவில்லை என்று வாசலில் போய் நின்று சண்டை போட்டாள்.

1980 ஐப்பசியில், நாலரை மணிக்கு, மேட்டு நிலத்தில் பதினோரு பன்றிகளும் நாலு புதுக் குட்டிகளும் வந்து உட்கார்ந்தன. அம்மாக்கண்ணு பரணிலிருந்து இறங்கி நேரே தாய்ப்பன்றியிடம் போனாள். அதன் முடிக்கற்றைக்குள் பொடி மணல் ஒட்டியிருந்தது, முதுகில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

"பாத்துட்டு வந்துட்டீங்களா? சரி, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பரணில் ஏறி, புதுப் புத்தகத்தில் முதல் பக்கத்தைத் திறந்தாள்.