எலிசாவின் புருஷன் விஷயமாக

1

இந்தக் கதை ஒரு பெருமையடிப்பில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம்.

உலக இலக்கியம் வாசிக்கும் குழு ஒன்று என் கைபேசியில் இருக்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. யாராவது ஒரு தென்னமெரிக்க நாவலைச் சொல்வார். மறுநாள் எல்லோரும் அதைச் சின்ன வயதிலேயே படித்துவிட்டவர்களைப் போலப் பேசுவோம். போன மாதம் அதில் ஒரு பெண் கேட்டாள்: "இணையம் இல்லாத காலத்துல, அதுவும் காரைக்கால்ல, இதையெல்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" அந்த 'சார்' தலைக்கேறிவிட்டது. "அது பெரிய கதை, எழுதுகிறேன்" என்று போட்டுவிட்டேன். அவளும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதல் தொடக்கம்: அரசலாறு கடலைத் தொடும் இடத்தில் செந்நிறச் சூரியன்

[விட்டுவிட்டேன். கதை நடந்தது ஜன்னல் இல்லாத அறையில்.]

இரண்டாவது தொடக்கம்: 1982இல் தீவிர இலக்கியத் தேடலில் இருந்த நான்

[1982இல் நான் தேடிக்கொண்டிருந்தது பாண்டிச்சேரிக்கு மாற்றல் உத்தரவு.]

மூன்றாவது: சலோமி சொன்னாள், நாங்கள் கேட்டோம். இது உண்மை. அழகில்லை என்றாலும் இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அப்போது நான் காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் வயரை இழுத்துப் பலகையில் உள்ள துளையில் செருகி நாகப்பட்டினத்தைக் கூப்பிடுவோம். நாகை அதற்கடுத்த ஊரைக் கூப்பிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் படுத்துவிடும், கூப்பிட ஆளிருக்காது. அந்த நேரத்தில் ஆபரேட்டர்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

நாகையில் இளையபெருமாள், மாயவரத்தில் சௌந்தரவல்லி. இரண்டு பேரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. இளையபெருமாள் மலிவு விலையில் வந்த ருஷ்ய நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். குடித்ததை எங்கள் காதில் ஊற்றுவார். நான், "ஆமாம் ஆமாம், அந்த இடம் ரொம்ப ஆழம்" என்று தாளம் போடுவேன். எந்த இடம் என்று அவர் கேட்டிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். நல்ல மனுஷன், கேட்கவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் சலோமி. அவளுடைய அப்பா சூசைமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு பீரோ நிறையப் பிரெஞ்சுப் புத்தகங்கள். அவர் அதைத் திறந்ததில்லை, சலோமி திறந்தாள்.

"இளையபெருமாள் சார், ஒங்க ருஷ்யாக்காரங்க கொஞ்சம் ஓரமா நிக்கட்டும்," என்றாள் ஒருநாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க."

வடக்கே ஏதோ ஒரு பனி நாட்டில் எழுதப்பட்டு, பிரெஞ்சுக்குப் போய், சலோமி வாயில் காரைக்கால் தமிழாகி, வெளியூர் பேசும் டிரங்க் லைனில் மாயவரம் வரை போன நாவல் அது. கடலோர ஊரில் ரொட்டி சுட்டு விற்கும் ஒருத்தி. படகில் போன அவள் புருஷன். அந்த ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. சலோமி கோயிலில் கேட்டுப் பழகிய பெயர்களாக மாற்றிவிட்டாள். அவள் எலிசா, அவன் மத்தேயு.

[இங்கே மொழிபெயர்ப்புக் கோட்பாடு பற்றி ஒரு பத்தி எழுதினேன். திரும்பப் படித்தபோது எனக்கே புரியவில்லை, எடுத்துவிட்டேன்.]

3

இனி விபத்து.

மண்டபத்தூர்க் கண்ணையன் மீன் வியாபாரி. ஐஸ் கம்பெனி டெலிபோனில் இருந்து நாகைக்கு ஒரு டிரங்க் கால் பதிந்திருந்தார். கதை கேட்கிற மும்முரத்தில் நான் அவர் வயரை எடுத்து, நாங்கள் பேசிக்கொண்டிருந்த லைனிலேயே செருகிவிட்டேன். கண்ணையன் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"மத்தேயு போன படகு இன்னும் கரை திரும்பலங்க. நேத்து பாய் மட்டும் ஒதுங்கியிருக்கு. எலிசா சோறு தண்ணியில்லாம கரையிலயே நிக்கிறா."

அவர் ரிசீவரை வைக்கக்கூட இல்லை. தொங்கவிட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

அந்தப் பக்கத்துக் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் யாராவது போய்விட்டால், எந்தக் கரை ஆளானாலும், மறுநாள் ஒருவரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். ஒரு கட்டுமரம்கூட இறங்காது. எலிசா, மத்தேயு என்றால் வேதக்காரர்கள். வேளாங்கண்ணிப் பக்கமாக இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் மேசைமுன் உட்கார்ந்து கொன்ற (அல்லது கொல்லாத) ஒரு மனிதனுக்காக மண்டபத்தூர் ஒருநாள் கடலுக்குப் போகவில்லை.

[குழுவில் ஒருவர் இதை நம்ப முடியவில்லை என்பார். பறக்கும் மனிதர்களை நம்புவார், மீன்காரர் துக்கம் காத்ததை நம்ப மாட்டார்.]

மூன்றாம் நாள் கண்ணையன் பஞ்சாயத்தார் இரண்டு பேரோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தார். "எந்தக் கரைப் படகுங்க? ஒடம்பு கெடச்சுதா?"

நான் பலகைக்குப் பின்னால் ஒரு வயரை மிகுந்த அக்கறையோடு சோதித்துக்கொண்டிருந்தேன். சலோமிதான் எழுந்து போனாள். அது புத்தகத்தில் வருகிற கதை என்றாள்.

"கதையா?" என்றார் கண்ணையன். "ஒரு கரையே வலய மடிச்சு வச்சுட்டு ஒக்காந்திருந்துச்சு. கதையா?"

"மன்னிச்சுக்குங்க. தெரியாம லைன் கலந்துடுச்சு."

பஞ்சாயத்தார் ஒருவர் சிரித்துவிட்டார். கண்ணையனுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டுப் போனார். கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல நகைச்சுவைக் கட்டுரை. எனக்கும் கை தட்டியிருப்பார்கள்.

4

செல்லம் வந்தது அடுத்த வாரம்.

அவள் கண்ணையனின் தம்பி பெண்டாட்டி. மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"கதை சொல்ற பொண்ணு யாரும்மா?"

சலோமி பயந்துகொண்டே, "நாந்தாங்க்கா" என்றாள்.

"அந்த எலிசா புருஷன் வந்தானா இல்லியா?"

"நான் இன்னும் முடிக்கலக்கா."

"முடி. முடிச்சுட்டுச் சொல்லு. நான் சனிக்கிழம சந்தைக்கு வருவேன்."

எழுபத்தேழு புயலில் அவள் புருஷன் போனான். உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவள் தாலி கழுத்திலேயே இருந்தது. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு படகுக்காரர், பெண்டாட்டியை இழந்தவர், அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். கண்ணையன் சம்மதிக்கவில்லை: "எந்தம்பி செத்தத நீ பாத்தியா?" தை பிறந்ததும் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் செல்லமே, பேருந்து நேரம் சொல்கிற மாதிரி, சலோமியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

[இந்த இடத்தில் செல்லத்தை அழ வைத்துப் பார்த்தேன். அவள் அழ மறுக்கிறாள். அழுதால் எனக்கு எழுதச் சுலபம் என்பது அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது.]

5

சலோமி அந்த வாரமே படித்து முடித்தாள். லைனில் முதலில் செல்லம் வந்து கேட்டதை, பிறகு முடிவைச் சொன்னாள். மத்தேயு திரும்பி வரவில்லை. செத்தான் என்றும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் எலிசா விடியலில் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். வாசலில் காலடிச் சத்தம் போல ஒன்று. அவள் திரும்பிப் பார்க்கிறாள். முற்றும்.

"ஆகா!" என்றேன் நான். "முடிவ வாசகன் கையிலயே குடுத்துட்டான் பாருங்க. இதுதான் இலக்கியம்." [முப்பத்தைந்து வயதில் இப்படியெல்லாம் பேசுவேன். இப்போது வயது கூடியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை.]

சௌந்தரவல்லி, "இலக்கியம் இருக்கட்டும். சனிக்கெழம அந்தம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?" என்றாள்.

மூன்று ஊருக்கு இடையில் வயர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"வந்துட்டான்னு சொல்லிடு சலோமி," என்றாள் சௌந்தரவல்லி. "பாவம், ஒரு நம்பிக்கையாவது இருக்கட்டும்."

"அதெப்படிங்க?" என்றார் இளையபெருமாள். "எழுதினவன் எழுதாதத நாம எப்படிச் சொல்றது? வேணும்னா செத்துட்டான்னு சொல்லலாம். அதுக்குத்தான் கதையில ஆதாரம் அதிகம்."

அதுவரை எல்லோரும் மத்தேயுவைப் பற்றித்தான் பேசினோம். செல்லத்துக்கு எந்தப் பதில் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் வர வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்படுவாள் என நாங்களாக எடுத்துக்கொண்டோம். சலோமி மட்டும், "பட்டினத்துக்குப் போகணும்னு அவங்களுக்கு ஆசையிருந்தா?" என்றாள். அப்போது திருவாரூர் கால் ஒன்று வந்துவிட்டது.

6

முடிவுகள்.

(அ) சலோமி, "வந்துட்டாங்க்கா" என்கிறாள். செல்லம் பட்டினத்துக்காரருக்கு மறுப்பு சொல்லி அனுப்புகிறாள். வருஷங்கள் போகின்றன. ஒருவரும் வரவில்லை.

[இதை எழுதியவன் நான்தான் என்று வெளியே சொல்ல மாட்டேன்.]

(ஆ) சலோமி, "வரலக்கா, செத்துட்டாரு" என்கிறாள். செல்லம் தாலியைக் கழற்றிவிட்டுப் புதுவாழ்வு. கலியாணப் பந்தலில் மேளம் முழங்க, வாசலில் ஒரு தாடிக்காரன்

[சினிமா. நிறுத்திவிட்டேன்.]

(இ) நடந்தது.

சனிக்கிழமை செல்லம் மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சலோமி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அடுப்பு, காலடிச் சத்தம், திரும்பிப் பார்த்தது. பிரெஞ்சுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தே காட்டினாள். செல்லம் அதற்குப் பின்னால் இன்னும் தாள் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள். அட்டைதான் இருந்தது.

"வந்தான்னும் இல்ல, வரலன்னும் இல்ல. அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

"இத நான் அஞ்சு வருசமா தெனம் படிச்சுட்டுத்தானே இருக்கேன்? இதுக்கு எதுக்குப் புத்தகம்?"

சலோமி புத்தகத்தை மூடினாள். செல்லம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இத்தன பேரு படிச்சவங்க இருக்கீங்க, ஊரூருக்குப் பேசிக்கிறீங்க. எழுதினவன் பயந்துகிட்டு விட்டுட்டான். ஒங்கள்ல ஒருத்தர் தெகிரியமா ஒண்ணச் சொல்லக்கூடாதா? எதச் சொன்னாலும் நான் ஏத்துக்கிறேன்."

நான் வயரை எடுத்து நாகைக்குச் செருகினேன். நாகை கூப்பிடவே இல்லை.

அதற்கப்புறம் எத்தனையோ நாவல்கள் படித்துவிட்டேன். முடிவில்லாத முடிவுகளைப் பாராட்டிக் குழுவில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். இந்தக் கதையையும் அப்படியே முடித்துவிடத்தான் நினைத்தேன், கௌரவமாக இருக்கும். ஆனால் செல்லம் இன்னும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் மீன் வெயிலில் கெட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் தைரியமில்லை, குழுவில் நீங்கள் நாற்பது பேர் இருக்கிறீர்கள், இதைப் படிக்கிறவர்கள் இன்னும் சிலர். வந்தான் என்று சொல்லுங்கள், இல்லை வரவில்லை என்று சொல்லுங்கள். எது சொன்னாலும் அவள் அதன்படி எழுந்து போவாள். 'அது வாசகரின் முடிவு' என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.